மாத்திரைக்கு வெயில் ஆகாது

அம்மா பெயர் கோமதியம்மாள். பசுவந்தனைக்குப் பக்கத்தில், மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் விதைக்கிற குடும்பம். 1978 ஆவணியில் என் தங்கை பாண்டியம்மாள் மூளைக்காய்ச்சலில் இறந்தாள். ஏழு வயது. அதன்பிறகு அம்மா தலை சீவவில்லை. குளிக்கச் சொன்னால், நாளைக்கு என்றாள்.

துக்கத்துக்கு வந்த அத்தை பெத்தம்மாள் கழுகுமலைக்குத் திரும்பிப் போகவில்லை. அப்பாவுக்கு மூத்தவள், பிள்ளையில்லாதவள். அடுப்படி, மாட்டுத்தொழுவம், தண்ணீர்க்குடம் எல்லாவற்றையும் அம்மா கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீ படு கோமதி. நான் பாக்குதேன்லா."

அந்தப் பாசத்தில் பொய் இல்லை. அம்மா படுத்தாள். பகலெல்லாம் தூங்கினாள், இரவில் விழித்துக் கிடந்தாள்.

புரட்டாசிக் கடைசியில் அப்பாவிடம் சொன்னாள்: "என்னைக் கிணத்துப் பக்கம் தனியா விட்ராதீங்க."

அப்பா அன்றைக்கே கோவில்பட்டிக்கு அழைத்துப்போனார். துணைக்கு அத்தையும் போனாள். டாக்டர் மாத்திரை எழுதினார். குணம் தெரிய வாரக்கணக்கில் ஆகும், விடாமல் கொடுங்கள் என்றார். பகலில் படுக்க விடாதீர்கள், காலை வெயில் மேலே படட்டும், செய்துவந்த வேலையை அவர்களே செய்யட்டும், ஆனால் தனியாக விடாதீர்கள் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது அதில் மாத்திரை மட்டும்தான் மிஞ்சியது.

"இங்கிலீஷ் மருந்து சூடுலா. மாத்திரைக்கு வெயில் ஆகாது. சூட்டோட சூடு சேந்தா மண்ட கலங்கிரும்" என்று அத்தை ஜன்னலைச் சாத்தினாள். மோரும் நீராகாரமும் கட்டிலுக்கே போயின. ஊரில் யாரும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை.

கார்த்திகையில் பருத்திக்குள் களை மண்டியது. ஆடு வளர்க்கிற வீட்டு வெள்ளைத்தாய்தான் எங்கள் காட்டுக்குக் களையெடுக்க ஆள் கூட்டி வருவாள். என்றைக்கு வரட்டும் என்று கேட்க வந்தவள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அக்கா வரலியா?"

"அவ மாத்திர சாப்பிடுதா" என்றாள் அத்தை.

"சாப்பிட்டுட்டு வரட்டுமே. களையெடுக்கிற நெரையில எனக்குப் பேச ஆளில்ல. வன்னியபெருமாள் பொண்டாட்டி வாயத் தொறந்தா மருமவ கததான்."

"இன்னுமா?" என்று இருட்டுக்குள்ளிருந்து அம்மா கேட்டாள்.

யாரும் கேட்காமல் அவள் வாய் திறந்து வெகுநாளாகியிருந்தது. அப்பா ஏரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

அன்று சாயந்தரம் அத்தையிடம் சொன்னார். "அக்கா, நாளைக்கு நீ ஊருக்குப் போ."

"எதுக்குல?"

"நீ இருக்கிற வரைக்கும் அவ எந்திக்க மாட்டா."

"சோறாக்கிப் போட்டவள விரட்டுத, என்ன?"

"ஆமா."

உடன்பிறந்தவளை வீட்டைவிட்டு அனுப்புவது எங்கள் பக்கத்தில் சாதாரணக் காரியம் இல்லை. பஸ் ஏறும்போது அப்பா நீட்டிய சேலையை அத்தை வாங்கவில்லை.

மறுநாள் அடுப்பு எரியவில்லை. அப்பா காட்டுக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். உச்சிப்பொழுது சாய்ந்த பிறகு அம்மா எழுந்து கம்மங்கஞ்சி காய்ச்சினாள். அடிப்பிடித்த வாடை. குடித்தோம்.

அடுத்த நாள் விடியும்போதே வெள்ளைத்தாய் வந்தாள். கிணற்றடியில் கூடவே நின்று குளிக்கவைத்துக் காட்டுக்குக் கூட்டிப்போனாள். அம்மா கொஞ்ச நேரம் களை பிடுங்கிவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, பிடுங்குனதுல பாதி பருத்திச் செடி. அண்ணாச்சிட்ட சொல்லிருவேன்."

"சொல்லு போ."

மறுநாளும் போனாள். மத்தியானம் எல்லாரோடும் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தாள். பகல் தூக்கம் நின்றது; இரவில் தூங்கினாள். பருத்தி வெடித்தபோது யாரும் கூப்பிடாமலே கிளம்பினாள்.

மாத்திரையா, வெயிலா, வேலையா, வெள்ளைத்தாயின் வாயா, எது குணப்படுத்தியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நான் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவன். அளக்காததைச் சொல்லிப் பழக்கமில்லை. அம்மா எதையும் விடவில்லை. டாக்டர் சொன்ன பிறகுதான் மாத்திரையை நிறுத்தினாள். விடியுமுன் குளியலும் காட்டுக்கு நடப்பதும் நிற்கவேயில்லை.

1983இல் அது திரும்ப வந்தது. அம்மாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. கோவில்பட்டிக்குக் கூட்டிப்போகச் சொல்லி அப்பாவிடம் அவளே கேட்டாள். வெள்ளைத்தாயிடம், "காலைல வந்து கூப்பிடு. வரலம்பேன். விட்ராத" என்றாள்.

"வைவியளே."

"வைவேன். இழுத்துட்டுப் போ."

அப்படியே வைதாள். அப்படியே போனாள்.

அத்தை எங்கள் வாசலை மிதிக்கவேயில்லை. அம்மா நல்லது கெட்டதுக்குக் கழுகுமலை போய்வருவாள். அப்பா போகமாட்டார்.

இது 1988. போன மாதம் அம்மா இறந்தாள். மாரடைப்பு. அறுபதுகூட ஆகவில்லை. அத்தை வந்தாள். வெகுநேரம் அம்மா பக்கத்தில் இருந்துவிட்டு, எழுந்து அப்பாவிடம் போனாள்.

"நான் போனதுக்கப்புறம் பத்து வருசம் இருந்திருக்கா, என்ன?"

அப்பா தலையாட்டினார்.