படுக்க வைத்த புட்டி

இந்தச் சைகோனில் நல்ல மதுப் புட்டியை நிற்க விடமாட்டார்கள். நிலவறை இருட்டில் படுக்க வைத்துப் பிள்ளை மாதிரி வளர்க்கிறார்கள். எங்கள் அரியலூர்ப் பக்கம் புட்டி படுத்திருந்தால் அது காலி என்று அர்த்தம். பக்கத்திலேயே ஓர் ஆளும் படுத்திருப்பார்.

எட்டு வருஷமாக இங்கே ஒரு பிரெஞ்சுக்காரரின் துணிக்கிடங்கில் மேஸ்திரியாக இருக்கிறேன். முதலாளியை 'முசியே' என்றுதான் கூப்பிடுவோம். போன ஞாயிறு சாயங்காலம் முசியே என்னைத் தம் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார். யுத்தத்தில் செத்துப்போன அவருடைய மகனுக்கு அன்று பிறந்த நாள். கூட உட்கார வேறு யாரும் இல்லை. தட்டில் ஸ்டேக் என்று உள்ளங்கை அகலத்துக்கு மாட்டிறைச்சித் துண்டம். உழவு மாட்டைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வளர்ந்த நாக்கு எனக்கு. உருளைக்கிழங்கையே வீரமாகத் தின்றுகொண்டிருந்தேன்.

முதல் புட்டி அவருடைய கல்யாண வருஷத்தது. அவரைப் பார்த்துப் பார்த்து நானும் கிளாஸைச் சுழற்றினேன், மோந்தேன், பெரிய ரசிகன் போலக் கண்ணை மூடினேன். நாவற்பழத் துவர்ப்பு, பின்னால் பழம்புளிப் பானையைத் திறந்த வாசனை. இரண்டாவது, மகன் பிறந்த வருஷத்தது. "இது அவனுடையது" என்றார் முசியே. அங்கேதான் என் கை ஊருக்குப் போய்விட்டது. செத்த பிள்ளையின் பொருளை எச்சில் படுத்தலாமா? அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றினேன். அகன்ற வாய்க் கிளாஸ் நம் ஊர்ச் செம்பா என்ன? இருபத்தைந்து வருஷத்து மது, தாடையிலிருந்து தொப்பைவரை, என் ஒரே வெள்ளைச் சட்டையில்.

முசியே என்னையே பார்த்தார். "உங்கள் நாட்டில் இறந்தவர்களுக்காக இப்படித்தான் குடிப்பீர்களா?"

எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி 'ஆமாம்'தான். அதைச் சொன்னேன். அந்தக் கிழவர் எழுந்து நின்று, அண்ணாந்து, தம் சட்டையிலும் ஊற்றிக்கொண்டு தேம்பினார். சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது சிரிப்பு இல்லை.

"உனக்குப் பிள்ளை உண்டா?"

"ஒரு பையன், முசியே. ஏழு வயது."

நான் ஊரை விட்டுக் கிளம்பும்போது என் பெண்சாதி செல்லம்மாவுக்கு எட்டாம் மாசம். அரியலூர் ஸ்டேஷனில் அவள் கேட்டாள்: "புள்ள மூஞ்சியப் பாத்துட்டுப் போனா கப்பலு ஓடிப்போயிடுமாங்க?"

"இந்த மூஞ்சிய அது இப்பவே பாத்தா பயந்துக்கும் புள்ள. காசு சேத்துக்கிட்டு அழகா வரேன்" என்றேன். அவளும் சிரித்தாள்.

யுத்தம் தபாலை நிறுத்திவிட்டது. முடிந்ததும் அவள் தம்பி எழுதினான்: "மாமா, பையன் மூணு வயசுல காய்ச்சல்ல போயிட்டான். அக்கா ஒங்களத்தான் கேக்குது. வந்து சேருங்க." சாவுக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடுவதுதான் நம் வழக்கம். கிழித்தேன். கிழித்த கையோடு, அது வரவேயில்லை என்றும் ஆக்கிக்கொண்டேன். கிடங்கில் யார் விசாரித்தாலும் பையன் வளர்கிறான். போன மாசம்தான் அவனுக்கு முன்பல் விழுந்தது.

அன்று ராத்திரி கிளம்பும்போது முசியே, மகனுக்கென்று வைத்ததில் கடைசிப் புட்டியை என் கையில் கொடுத்தார். "உன் பையனுக்கு இருபது வயதானதும் திற. இருட்டில் படுக்க வை. அசையாமல் இருந்தால் உயிரோடு இருக்கும்."

கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்திருக்கிறேன், வடக்கே தலை வராமல். இப்போது கப்பல் ஓடுகிறது. ஆனால் நான் அரியலூரில் இறங்கினால் என் பையன் செத்துப்போவான். அங்கே செல்லம்மா தனியாக அழுதுகொண்டிருக்கிறாள். இங்கே நான் தினமும் குனிந்து, புட்டி அசைந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.