இத்ரியின் கால்

மார்லிஸ் ட்வேட்டை எங்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுநராகத்தான் எல்லோருக்கும் தெரியும். பனிப்புயலில்கூட வண்டியைச் சாலையை விட்டு இறக்காதவர். எங்கள் மூன்று பேருக்கு மட்டும் அவர் வேறு ஒருவர். இத்ரியின் உடம்பை உண்டாக்கியவர்.

இத்ரி என்பது நான் பிறப்பதற்கு முன்பே நிறுத்தப்பட்ட ஒரு தொலைக்காட்சித் தொடரில் வரும் வேற்றுக்கிரகப் பிராணி. சாம்பல் நிறம், கழுத்து கிடையாது, தோல் தரைவரை தொங்கும். எங்கள் வேலை, அது எப்படி மூச்சு விடும், எதைத் தின்னும், எப்படிக் குட்டி போடும் என்று யோசித்துச் சொல்வது. நார்த் டகோட்டாவின் குளிர்காலத்தில் செய்வதற்கு வேறு என்ன இருக்கிறது?

இதற்கு ஒரு சட்டம் உண்டு. திரையில் தெரிந்ததெல்லாம் உண்மை. புதிதாக ஒன்றைச் சொல்பவர் நடுவில் உள்ள நாற்காலியில் உட்கார வேண்டும். எல்லாக் கேள்விக்கும் காட்சியிலிருந்தே பதில் சொல்ல வேண்டும். ‘அது உடுப்பு’, ‘அது நடிகர்’, ‘எடுத்தவர்கள் செய்த தப்பு’ என்று யாராவது சொல்லிவிட்டால் அன்று அவர் வெளியே போய்விட வேண்டும்.

இத்ரியின் கால் எங்கும் எங்கள் கண்ணில் பட்டதில்லை. அதனால் மார்லிஸ் பல வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார்: குட்டியாக இருக்கும்போது நீந்தித் திரியும், வளர்ந்ததும் ஒரு பாறையில் ஒட்டிக்கொள்ளும், பிறகு சாகும்வரை நகராது. இத்ரிகள் எப்போதும் இரண்டிரண்டாகவே நிற்கும். அதற்குக் காரணம் சொன்னது அவருடைய அண்ணன் ஆரின். அடிப்பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே ரத்தக்குழாய் என்றார். ஒன்றின் இரத்தம் மற்றதற்கும் ஓடும்.

ஆரின் முப்பது வருடம் தானியக் கிடங்கில் தூசியைச் சுவாசித்தவர். இப்போது மூக்கில் ஆக்சிஜன் இயந்திரத்தின் குழாயோடு வீட்டிலேயே இருக்கிறார். கூட்டம் அவர்கள் வீட்டில்தான். அவருக்குச் சமைப்பதும் மருந்து வாங்கி வருவதும் மார்லிஸ். வெளியூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று அவர் வாயெடுத்தாலே ஆரின் சிரிப்பார்.

“டிரைவரம்மா, நீதான் ஒட்டியாச்சே. ஒட்டினது நகருமா? நீயே சொன்னதுதான்.”

மார்லிஸும் சிரிப்பார். போகமாட்டார்.

போன ஜனவரியில் ஃபார்கோ நகரத்திலிருந்து அவருக்கு ஒரு வேலை வந்தது. நகரப் பேருந்து ஓட்டப் பழகுபவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை. திங்கட்கிழமை காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். வாரம் முழுக்க அவர் அண்ணனிடம் வாய் திறக்கவில்லை. என்னிடமும் டெல்ஃபினிடமும் மட்டும் சொன்னார். டெல்ஃபின் பொய்த்ரா எங்கள் ஊர் மருந்துக்கடையில் வேலை செய்பவள். நான் பள்ளியை முடித்ததிலிருந்து அதே கடையில் கல்லாவில் நிற்கிறேன்.

ஞாயிறு மதியம் ஹாட்டிஷ் என்ற சூடான கறிக்கலவைத் தட்டுகளோடு உட்கார்ந்தோம். மார்லிஸ் தானாகவே நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

“இத்ரி கழண்டு வரும்,” என்றார். “ஏழாவது எபிசோட் போடு.”

போட்டேன். புகை மூட்டத்தில் ஓர் இத்ரி துணையை விட்டுத் தள்ளி, தனியாக உடம்பைத் திருப்புகிறது. தோலின் ஓரம் தூக்கிக்கொள்கிறது. ஒரு நொடி, கீழே கறுப்பாக ஒன்று.

“ஐயோ, அது பூட்...” என்று ஆரம்பித்த டெல்ஃபின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கால்,” என்றார் மார்லிஸ். “முன்பக்கம் கெட்டியா, பின்னால குதி மாதிரி. வேணும்னா பாறையிலேருந்து பிச்சுக்கிட்டு நடக்கும்.”

ஆரின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையருகே வந்தார். நான்கு தடவை பார்த்தார்.

“கால்தான். ஒத்துக்கறேன்.”

மார்லிஸின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

“அடுத்த காட்சி போடு,” என்றார் ஆரின்.

அடுத்த காட்சியில் இரண்டு இத்ரிகளும் பழைய இடத்தில் பழையபடி நின்றன.

“திரும்பிடுச்சு பாத்தியா? ஏன் திரும்புச்சு? பக்கத்துல இருக்கறதப் பாரு, எவ்வளவு கறுத்துப் போயிருக்கு. ரத்தம் வரல. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா செத்திருக்கும்.”

“குழாய் அறுந்த இடத்துல ஒரு வால்வு மூடிக்கும். மத்ததுக்கு ஒண்ணும் ஆகாது.”

“வால்வு எந்த எபிசோட்ல?”

ஆரின் அவர் பக்கம் திரும்பினார்.

“பக்கத்துல இருக்கறது தனியா பிழைச்ச காட்சி ஏதாவது இருக்கா மார்?”

இல்லை. மொத்தமே பதினோரு எபிசோட்தான். எல்லாமே எங்களுக்கு மனப்பாடம். மார்லிஸ் நாற்காலியின் பிடியைப் பற்றிக்கொண்டார். பதில் சொல்லாமல் எழுந்திருக்கவும் கூடாது.

“அது கறுக்கல ஆரின்,” என்றார் கடைசியில். “லைட்டு சரியில்ல. அது உடுப்பு. உள்ள ஒரு ஆள் நின்னான். வேர்த்துக் கொட்டியிருக்கும். எப்படா கழட்டுவோம்னு இருந்திருப்பான்.” பிறகு அதே குரலில், “ஃபார்கோல வேலைக்குக் கூப்பிடறாங்க. நாளைக்கு பதில் சொல்லணும்,” என்றார்.



“அந்த வார்த்தையச் சொல்லிட்ட,” என்றார் ஆரின். “வெளிய போ. சட்டம்னா சட்டம்.”

தன் சொந்த வீட்டிலிருந்து மார்லிஸ் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வண்டியில் ஏறி எஞ்சினைப் போட்டார். வண்டி நகரவில்லை. கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, உள்ளே அவர் இருப்பதுகூடத் தெரியவில்லை.

ஆரின் ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்தார். “டெல்ஃபின், உங்க கடையில மருந்த வீட்டுக்கே கொண்டுவந்து குடுப்பாங்களா?”

“வியாழக்கிழமை வண்டி வருது.”

“ஆக்சிஜன் கம்பெனிக்காரன்?”

“போன் பண்ணா அவனே வந்து மாட்டிட்டுப் போவான். சாப்பாட்டுக்கு சர்ச்ல ஆள் இருக்கு. மார்லிஸ் கேட்டதே இல்ல. நீங்க விடமாட்டீங்கன்னு.”

“அவகிட்ட இதெல்லாம் சொல்லாத.”

டெல்ஃபின் எழுந்து தன் கோட்டை மாட்டினாள். “சொல்லத்தான் போறேன் ஆரின்.”

ஆரின் அவள் பின்னாலேயே எழுந்தார். கதவுக்கு நாலடி முன்பு குழாய் இறுகி நின்றது. அவரும் அங்கேயே நின்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டியின் கண்ணாடி இறங்கியது. டெல்ஃபின் குனிந்து பேசினாள். மார்லிஸ் நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது அவர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. பனி ஒட்டிய காலோடு சமையலறைக்குப் போய் போனை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அந்தப் பக்கம் பதிவுக் குரல்தான்.

“மார்லிஸ் ட்வேட் பேசறேன். வேலைக்கு வரேன். ஒரு மாசம் டைம் வேணும். வீட்டுல சில ஏற்பாடு பண்ணணும்.”

“ஒரு மாசமா?” என்றார் ஆரின், நின்ற இடத்திலிருந்தே.

“ஒரு மாசம்.”

“ஏழாவது எபிசோட்ல அது திரும்பி வந்துச்சு மார்.”

“உள்ள இருந்தவனுக்கு அன்னிக்கு ஷிஃப்ட் முடியல ஆரின்,” என்றார் மார்லிஸ்.