பொட்டு வைத்த வண்டி

காளிதாஸைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லாரும் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கேட்டு முடித்ததும் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு, ஒரு இளநீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கென்ன. நான் அந்தக் கடற்கரையில் அவனுடைய கொட்டகைக்குப் பக்கத்திலேயே மீ கோரெங் நூடுல்ஸ் கடை போட்டிருப்பவள். பல வருஷமாக அவன் என் கடையில்தான் பசியாறினான். அவன் எப்படிப்பட்ட மனுஷன் என்று சொல்லாமல் அந்த நாளை மட்டும் சொன்னால் அது நியாயம் இல்லை.

காளிதாஸ் ஜோகூரில் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா ஐயாசாமி தோட்டத்து லோரி டிரைவர். தோட்டத்தை விற்றதும் குடும்பம் உலு திராமுக்கு வந்தது. காளிதாஸ் மோட்டார் பட்டறையில் தொழில் பழகி, பிறகு ரூபேந்திரன் என்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தான். ரூபேந்திரனுக்குச் சொந்தமாக மூன்று ஜெட் ஸ்கி. கடலில் மோட்டார் சைக்கிள் மாதிரி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டிகள். அவற்றை வாடகைக்கு விடுவது, பழுது பார்ப்பது, கழுவுவது எல்லாம் காளிதாஸ்தான். முதலாளி ஸ்கூடாயில் இருந்துகொண்டு போனிலேயே முதலாளித்தனம் பண்ணுவார். எனக்கு அந்த ஆளை முதல் நாளே பிடிக்கவில்லை.

வண்டி கிளம்பாமல் மக்கர் பண்ணினால் காளிதாஸுக்குக் கொண்டாட்டம். சொந்த வண்டியைக் காரில் இழுத்துக்கொண்டு ஜோகூர் பாருவிலிருந்து வருகிறவர்களும் அவனைத்தான் தேடுவார்கள். அவன் முதலில் இன்ஜினைப் பார்க்க மாட்டான், ஆளைப் பார்ப்பான். கையில் கட்டிக்கொண்டு வண்டியில் மாட்ட வேண்டிய சிவப்புக் கயிறு ஒன்று உண்டு. அது மாட்டியிருக்காவிட்டால் வண்டி கிளம்பாது.

"அண்ணே, கயித்த கார்லயே வச்சிட்டு வந்து வண்டிய திட்றீங்களே, அது பாவம் லா" என்று சிரிப்பான்.

கயிறு சரியாக இருந்தால் பிறகு காதைத் தீட்டிக்கொள்வான். பொத்தானை அழுத்தும்போது டிக் டிக் என்று மட்டும் சத்தம் வந்தால் பேட்டரி போயிற்று. இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பழைய பெட்ரோல், இல்லையென்றால் நனைந்த பிளக். 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம் வந்து நின்றுபோனால் முகம் மாறிவிடும். இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீர் ஏறுவதற்குக் கடலே வேண்டாம், கழுவுகிற குழாயே போதும் என்பான். கடலில் ஓடிய வண்டிக்குள் உப்பு நிற்கும், நல்ல தண்ணீரை ஹோஸ் வழியே உள்ளே விட்டு அலச வேண்டும். ஆனால் இன்ஜினை ஓடவிட்ட பிறகுதான் குழாயைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் குழாய், பிறகு இன்ஜின். மாற்றிச் செய்தால், தள்ளி வெளியேற்ற இன்ஜின் ஓடாததால் தண்ணீர் புகைக்குழாய் வழியாக ஏறி இன்ஜினுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இதை மாற்றிச் செய்த ஒரு மனிதரை அவன் கரையே கேட்கும்படி திட்டியது எனக்கு நினைவிருக்கிறது.

இவ்வளவு தெரிந்தவனுக்கு ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதம். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்த வண்டியை, மறுநாள் நல்ல நேரம் பார்த்து எலுமிச்சம்பழம் நசுக்கும் வரைக்கும் ஸ்டார்ட் பண்ணவே மாட்டான். அவன் சிறுவனாக இருந்தபோது, பொட்டு வைத்த லோரியைத் தோட்டத்துத் துரை அவசரம் என்று எடுக்கச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே லோரி கவிழ்ந்து ஒரு பெண் செத்துப்போனாள். ஐயாசாமி சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி மகனிடம் சத்தியமே வாங்கியிருந்தார். லோரி கவிழ்ந்ததற்கும் பொட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் அவனுக்குக் கோபம் வரும், அதனால் கேட்கவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை சனிக்கிழமை வந்தது. நல்ல கூட்டம். வண்டிகள் மாலை வரைக்கும் கடலில் ஓடின. கடைசி வண்டி கரையேறிய கையோடு ரூபேந்திரன் மாலையும் சந்தனமுமாக வந்து நின்றார். வீட்டில் விருந்தாளிகள் காத்திருக்கிறார்களாம்.

"பாஸ், அஞ்சு நிமிஷம். உப்பு அலசிட்டு வந்துடறேன்" என்றான் காளிதாஸ்.

"அதெல்லாம் அப்புறம் அலசிக்கலாம் லா. ஆறு மணிக்கு நான் வீட்ல இருக்கணும்."

"பொட்டு வச்சிட்டா ஸ்டார்ட் பண்ண முடியாது பாஸ்."

"அப்ப ஸ்டார்ட் பண்ணாம கழுவு."

சாமிக்கு நிற்கக்கூட நேரமில்லாத மனுஷன். ஈரம் சொட்டச் சொட்ட மூன்று வண்டிகளுக்கும் பொட்டு வைத்து, சூடம் காட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். காளிதாஸ் வண்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றான். உப்போடு விட்டால் உள்ளே அரித்துவிடும். ஸ்டார்ட் பண்ணினால் அப்பாவுக்குக் கொடுத்த சத்தியம். கடைசியில் ஹோஸை மாட்டிக் குழாயைத் திறந்தான். இன்ஜின் சத்தமே வரவில்லை.

"என்னடா, ஊருக்கெல்லாம் ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா?" என்றேன் நான்.

"கொஞ்சமாத்தான்க்கா தொறந்திருக்கேன். உப்பு போனா போதும். தண்ணி ஏறாது."

மறுநாள் காலையில் மூன்று வண்டிகளையும் தண்ணீர் ஓரத்தில் கொண்டுவந்து வைத்தான். சோதித்துப் பார்க்கவில்லை. பதினோரு மணிக்குத்தான் நல்ல நேரம், ரூபேந்திரன் வந்து தேங்காய் உடைக்க வேண்டும். அதற்குள் தீபன் சுண்டல் கொண்டுவந்தான். தீபன் காளிதாஸின் மச்சினன், மனைவி பிரேமலாவின் தம்பி. அம்மா அப்பா இரண்டு பேரும் சீக்கிரமே போய்விட, பிரேமலாதான் அவனை வளர்த்தாள். அவளுக்கு வேறு பிள்ளை இல்லை. லோரி ஓட்டிச் சம்பாதிக்கிற வயசு வந்தும் அக்காள் வீட்டிலேயே இருந்தான். காளிதாஸை மாமா, மாமா என்று சுற்றி வருவான்.

அன்றைக்குக் காற்று கரையிலிருந்து கடல் பக்கமாக வீசியது. ஒரு மலாய்க் குடும்பம் குளித்துக்கொண்டிருந்தது. ஏழு வயசுப் பிள்ளை ஒன்று மிதவைமேல் படுத்திருந்தது. நான் முட்டையை உடைத்துச் சட்டியில் ஊற்றிவிட்டு நிமிர்ந்தபோது, "தோலோங்! தோலோங்!" என்று, காப்பாற்றச் சொல்லி அந்தத் தாய் அலறுகிறாள். மிதவை பிள்ளையோடு எங்கேயோ போய்விட்டது. தகப்பன் இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்துகிறான், நீந்தத் தெரியவில்லை. அந்தக் கரையில் காவலுக்கு ஆள் கிடையாது. யாருக்காவது ஆபத்து என்றால் ஜெட் ஸ்கியை எடுத்துக்கொண்டு போவது காளிதாஸ்தான். எத்தனையோ பேரை அப்படி இழுத்து வந்திருக்கிறான்.

இந்த முறை அவன் நல்ல நேரம் பார்க்கவில்லை. அதை நான் சொல்லியே ஆக வேண்டும். ஓடிப்போய் ஏறி, கயிற்றை மாட்டிப் பொத்தானை அழுத்தினான். டொக். இரண்டாவது வண்டிக்குத் தாவினான். டொக். மூன்றாவதைத் தொடும் முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் பார்த்தேன்.

தீபன் சட்டையைக் கழற்றிவிட்டான்.

"மாமா, நான் முன்னால போய் புள்ளைய புடிச்சிக்கிறேன். நீங்க வண்டிய எடுத்துட்டு வாங்க."

"ஜாக்கெட் போட்டுட்டு போடா!"

"அத போட்டா நீந்த முடியாது மாமா. நீங்கதான் பின்னாலயே வரீங்களே!"

பாய்ந்துவிட்டான். நன்றாக நீந்துவான். அதுதான் வினை. காளிதாஸ் சீட்டைத் தூக்கி எறிந்து, மேலே இருந்ததையெல்லாம் பிடுங்கி, மூன்று பிளக்குகளையும் கழற்றினான். பொத்தானை அழுத்தினான். பிளக் இருந்த ஓட்டைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அவன் முகத்தில் அடித்தது. திரும்பத் திரும்ப அழுத்தித் தண்ணீரை வெளியேற்றினான். பிளக்குகளைச் சட்டையால் துடைத்து என்னிடம் நீட்டினான். நான் கடைக்கு ஓடி அவற்றை அடுப்பில் காட்டிச் சூடாக்கிக் கொடுத்தேன். அவன் பதறவில்லை. எதையும் விடாமல் சரியாகத்தான் செய்தான். சரியாகச் செய்ய நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். தூரத்தில் தீபன் மிதவையைப் பிடித்துவிட்டது தெரிந்தது. கரைப் பக்கமாகத் தள்ளுகிறான், காற்று திரும்ப அவனைத் தள்ளுகிறது. நான் தீயணைப்புப் படைக்குப் போன் போட்டேன். கோத்தா திங்கியிலிருந்து வர வேண்டும், நேரமாகும் என்றார்கள். மீனவர் படகுகள் எல்லாம் விடியும் முன்பே போய்விட்டிருந்தன.

மாட்டி அழுத்தினான். இருமியது, நின்றது. மறுபடியும் அழுத்தினான். சத்தம் இளைத்துவிட்டது, பேட்டரி தளர்ந்துவிட்டது. பக்கத்து வண்டியின் பேட்டரியிலிருந்து வயர் போட்டு இழுத்தான். வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ஒருவழியாகப் பிடித்தது. வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பறந்தான். எனக்கு உயிர் திரும்பி வந்தது. கையைத் தட்டினேன், இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போய்ச் சேர்ந்தபோது மிதவைமேல் பிள்ளை மட்டும் இருந்தது. "அபாங் மானா?" என்று கேட்டிருக்கிறான். அண்ணன் எங்கே என்றதும் பிள்ளை தண்ணீரைக் காட்டியிருக்கிறது. பிள்ளையைத் தாயிடம் சேர்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனான். பெட்ரோல் தீரும்வரை சுற்றினான். பிறகு மீனவர் ஒருவர் வண்டியோடு சேர்த்து அவனைக் கட்டி இழுத்து வந்தார். அந்தத் தாய் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுது நன்றி சொன்னாள். அவன் கையை உதறிக்கொண்டான்.

தீபனை மறுநாள் ஆற்று முகத்துவாரத்தில் கண்டெடுத்தார்கள்.

பெட்டியை உலு திராம் வீட்டு வாசலில் வைத்திருந்தார்கள். நானும் போயிருந்தேன். ரூபேந்திரனும் வந்திருந்தார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "பழைய பேட்டரி லா, யார் என்ன செய்ய முடியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போலீஸிலும் அதையேதான் சொல்லியிருந்தார். காளிதாஸ் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். பிரேமலா பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். அழவில்லை, அவள் அழாதது எனக்குப் பயமாக இருந்தது.

எடுக்கிற நேரம் வந்தது. கொள்ளி வைக்க யார் என்று பெரியவர் ஒருவர் கேட்டார். அப்பனும் இல்லை, கூடப் பிறந்த ஆம்பிளையும் இல்லை. எல்லாரும் காளிதாஸைப் பார்த்தார்கள்.

"நான் வைக்கக் கூடாது" என்றான் அவன்.

"ஏன்?" இதைக் கேட்டது பிரேமலா.

"பேட்டரி நல்லாதான் இருந்துச்சு. பொட்டு வச்சாச்சேன்னு ஸ்டார்ட் பண்ணாம தண்ணிய தொறந்து விட்டேன். உள்ள தண்ணி ஏறிடுச்சு. அதான் வண்டி கெளம்பல."

ரூபேந்திரன் வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

பிரேமலா தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தாள். பிறகு புருஷனை நேராகப் பார்த்தாள்.

"நீங்க பின்னாலயே வருவீங்கன்னு நம்பித்தானே என் புள்ள போனான்?"

"ஆமா."

"எந்திரிங்க. இதுக்காவது நேரத்தோட வாங்க."