உத்தரவு கேட்காமல் முடித்த பாட்டு

எங்கள் மாப்பிள்ளை செய்த ஆம்ப்ளிஃபயருக்கு ஆவடி குவார்ட்டர்ஸில் ‘பீரோ’ என்று பெயர். நிஜமாகவே பீரோ உயரம் இருந்தது. ஏலத்தில் எடுத்த பெட்டிப் பலகைகளை அறுத்து, உள்ளே பழைய ரேடியோ சாமான்களைப் பொருத்தி அவரே கட்டியது. சுவிட்சைப் போட்டதும் முதலில் ஒரு முனகல் வரும். பிறகு அவர் கிதாரில் கை வைத்தால் பக்கத்து வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் நகரும். நான் எதையும் எண்ணிப் பார்த்தால்தான் நம்புகிறவன். மூன்று வீடு தள்ளிவரை டம்ளர் நகர்வதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அவரோடு டிரம்ஸ் வாசிக்க ஒப்புக்கொண்டேன்.

மாப்பிள்ளை என்பது என் தங்கையின் கணவர். நாங்கள் இருவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். அங்கேயே பெயிண்ட் பிரிவில் இருந்த நூம்பல்காரர் ஒருவர் பேஸ் கிதார் வாசிக்கக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்ததும் மாப்பிள்ளைதான். ‘மூன்றாம் ஷிப்ட்’ என்று பெயர் வைத்துக்கொண்டோம். சுற்று வட்டாரத்தில் எல்லாரும் மெல்லிசைக் குழு நடத்தியபோது, இவர் ஒருவர்தான் ஹார்டு ராக் வாசிப்பேன் என்று பிடிவாதமாக நின்றார். அதுவும் கேசட்டில் கேட்டதைத் திருப்பி வாசிப்பதில்லை, சொந்தப் பாட்டு, தமிழில். எந்தக் கல்யாண மண்டபத்திலும் எங்களை இரண்டாவது முறை கூப்பிட்டதில்லை. அதற்காக அவர் கிதாரின் சத்தத்தை ஒரு கோடு அளவுகூடக் குறைத்ததும் இல்லை.

அவருடைய பெரிய பாட்டு ‘கொதிகலன்’. நடுவில் நீண்ட கிதார் தனி வாசிப்பு. அதை அவர் ஒருமுறை வாசித்த மாதிரி மறுமுறை வாசித்ததில்லை. கடைசியில்தான் அவருடைய பெருமையெல்லாம் இருந்தது. அவர் கிதாரின் கழுத்தைத் தாழ்த்துவார். அது எங்களுக்கு அடையாளம். மூவரும் ஒரே அடியாக அடித்து நிறுத்துவோம். ஒரு மூச்சு அளவுக்கு மௌனம். பிறகு கிதார் மட்டும் தனியாக மெல்ல இறங்கிவர, முடிவாக மூன்று அடி. “அந்த மௌனத்துக்காகத்தான் மச்சான் மத்த சத்தமெல்லாம்” என்பார் மாப்பிள்ளை.

எங்களுக்குப் பெயர் வந்தது ஓர் அம்மன் கோயிலில். நூம்பல் பக்கம் ஆடித் திருவிழாவுக்கு வரவேண்டிய மெல்லிசைக் குழு வரவில்லை. பேஸ்காரரின் சொந்த ஊர் என்பதால், மேடையாக நிறுத்தியிருந்த லாரி மேல் எங்களை ஏற்றிவிட்டார்கள். ‘கொதிகலன்’ நடுவில் போய்க்கொண்டிருக்கும்போது கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பேஸ்காரரின் அக்கா, இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர், கையில் வேப்பிலையோடு ஆட ஆரம்பித்திருந்தார். சாமி வந்துவிட்டது. பம்பைக்காரர்களே வாசிப்பதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள். மாப்பிள்ளை லாரியின் விளிம்புக்கு வந்து அந்த அம்மாளின் கால்களையே பார்த்தபடி வாசித்தார். கால் தரையில் படும் இடத்தில் எல்லாம் அவர் விரல் விழுந்தது. பின்னால் உட்கார்ந்து எண்ணத்தான் எனக்குத் தெரியும். அன்று எண்ணிக்கை தப்பியும் பாட்டு தப்பவில்லை.

அடுத்த ஆடியில் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிவரை எங்களைக் கூப்பிட்டார்கள். காட்டுப்பாக்கத்துப் பையன்கள் சைக்கிளில் பின்னாலேயே வந்தார்கள். ‘சாமி வரவழைக்கிற பேண்டு’ என்று பெயர் பரவியது. ஆனால் சாமி வந்தால், அது மலையேறும்வரை வாத்தியம் நிற்கக் கூடாது. கற்பூரம் ஏற்றி, சாமி இறங்கி, ஆடியவர் சாய்ந்த பிறகு யாருக்குப் பாட்டு வேண்டும்? ஆகவே ஊர் ஊராக வாசித்தும் அந்தப் பாட்டின் முடிவை நாங்கள் ஒரு கோயில் மேடையிலும் வாசிக்கவில்லை. மற்றவர்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மாப்பிள்ளைக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

மூன்றாவது வருடம், அதே கோயிலில், லாரியில் ஏறும்போதே சொன்னார்: “இன்னைக்கு முடிச்சே தீரணும் மச்சான்.” ‘கொதிகலன்’ முடிவை நெருங்கியது. அக்கா ஆடிக்கொண்டிருந்தார். பம்பைக்காரர்கள், நாங்கள் இருக்கிற தைரியத்தில் டீ குடிக்கப் போயிருந்தார்கள். கிதாரின் கழுத்து தாழ்ந்தது. ஒத்திகைப் பழக்கதோஷம், நானும் பேஸ்காரரும் அடித்து நிறுத்திவிட்டோம். அந்த மௌனத்தில் அக்கா ஒரு காலைத் தூக்கியபடி, கண் திறந்திருக்க, அப்படியே நின்றார். சாமி இறங்கவும் இல்லை, ஆடவும் இல்லை. மாப்பிள்ளை தன் முடிவை ஒரு பிசகும் இல்லாமல் வாசித்தார். ஒருவரும் கேட்கவில்லை. அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

“இன்னா மாமே, ஆத்தா நின்னுகினு கீறா, நீ பாட்டுக்கு கடையைச் சாத்திட்டே?” என்றார் பேஸ்காரர்.

“பாட்டுன்னா ஒரு முடிவு வேண்டாமாய்யா?”

“முடிவு உன்னுது. நடுவுல நிக்கிறது எங்க அக்கா.”

தன் கிதார் வயரைப் பிடுங்கி மாப்பிள்ளையின் தோளில் போட்டுவிட்டு இறங்கிப் போனார். அக்கா ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்ததாகச் சொன்னார்கள். வேறு ஆளைப் போட்டு நடத்தலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். “அவன் இல்லாம எனக்குத் தரை எங்கே இருக்குன்னே தெரியாது” என்று மாப்பிள்ளை பீரோவைப் போர்வை போட்டு மூடிவிட்டார். அப்புறம் ஓய்வு பெறும்வரை அவரும் பேஸ்காரரும் ஒரே கேட்டில் நுழைந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் வெளியே வந்தார்கள். குடும்பத்தில் யாரும் பாட்டுப் பேச்சை எடுப்பதில்லை.

இப்போது மாப்பிள்ளை முகப்பேரில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறார். நானும் இரண்டு தெரு தள்ளி. பீரோ கரையானுக்குப் போய்விட்டது. போன ஆடிக்கு முன் ஒரு காலை, அவர் வீட்டில் நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. அந்த அக்கா, கைத்தடியோடு. பின்னால் பேஸ்காரர், உள்ளே வராமல் லிஃப்ட் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

“தம்பி, அன்னிக்கு அப்பால ஆத்தா எம்மேல வரவே இல்ல” என்றார் அக்கா. “உன்மேல கோவம்லாம் இல்ல. பாதில நின்னது நின்ன மாதிரியே கீது. ஒருவாட்டி முழுசா வாசிச்சுடேன்.”

மாப்பிள்ளை தன் இடது கையைக் காட்டினார். இரண்டு விரல் சரியாக மடங்காது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, “என் முட்டி மட்டும் மடங்குதா?” என்றார். லிஃப்ட் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அதுதான் தொடக்கம்.

ஒரு மாதம், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை பயிற்சி செய்தார். மடங்காத விரல்களை விட்டுவிட்டு மற்ற இரண்டால் வாசிக்கப் பழகினார். எழுபதை நெருங்கியவர், தானே செய்த பாட்டை முதலிலிருந்து கற்றுக்கொண்டதை நான் பார்த்தேன். இளமையில் அவரை எவ்வளவோ வியந்திருக்கிறேன். இது அதைவிட அதிகம்.

நூம்பலில் அக்கா வீட்டு மொட்டை மாடியில், பிற்பகலில் வாசித்தோம். மாட்டுத் தொழுவம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. டிபன் கேரியர் அளவில் ஓர் ஆம்ப்ளிஃபயர், வாடகை டிரம்ஸ். ஃபியூஸ் போய்விடுமா, யாராவது போலீசுக்குப் போன் செய்வார்களா என்று எனக்கு ஆயிரம் கவலை. தனி வாசிப்பு தொடங்கியதும் எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை வந்தது. இந்த வயதில் அக்கா மேல் சாமி வந்தால் என்ன ஆகும்? வராவிட்டால் என்ன ஆகும்? அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பாதங்கள் மட்டும் லேசாகத் தட்டிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை அந்தப் பாதங்களைப் பார்த்தபடி வாசித்துக்கொண்டே போனார். முடிக்க வேண்டிய இடம் வந்தது, தாண்டியது. கிதாரின் கழுத்து தாழவில்லை. இந்த முறையும் முடிவு கிடையாது என்று நினைத்தேன். அவர் வாசித்தபடியே நாற்காலி அருகே போய்க் குனிந்தார்.

“அக்கா, முடிச்சுக்கட்டுமா?”

அக்கா கண் திறந்தார். “இந்த உத்தரவை அன்னிக்கே கேட்டிருந்தா அவளே போயிருப்பாளே தம்பி. முடி, முடி.”

கழுத்து தாழ்ந்தது. அடித்து நிறுத்தினோம். மௌனத்தில் எதிர் ஃபிளாட்டில் ஒரு குக்கர் விசில் விட்டது. பிறகு கிதார் தனியாக இறங்கி வந்தது, இரண்டு விரலில், முன்னைவிட மெதுவாக. மூன்று அடி.

“நல்லாத்தான் கீது” என்றார் அக்கா. “ஆனா நிறுத்துற எடத்துல கொஞ்சம் அவசரப்படுறே.”

“நான் அப்பவே சொன்னேன், அந்த மூச்சு பத்தாதுன்னு” என்றார் பேஸ்காரர். இத்தனை வருடத்தில் மாப்பிள்ளையைப் பார்த்து அவர் பேசிய முதல் வார்த்தை.

“எப்பய்யா சொன்னே?”

“சொல்றதுக்குள்ளதான் நிறுத்திட்டியே மாமே!”

எதிர் பால்கனியில் மடிக்கணினியோடு ஓர் இளைஞர் எட்டிப் பார்த்தார். “அங்கிள், முடிஞ்சிடுச்சா? எனக்கு ஆபீஸ் மீட்டிங் இருக்கு.”

மாப்பிள்ளை கிதாரைக் கழற்றவில்லை. பேஸ்காரரின் முகத்தைப் பார்த்தார்.

“இல்ல சார்” என்று பேஸ்காரர் பால்கனியைப் பார்த்துக் கத்தினார். “இன்னும் ஒருவாட்டி கீது.”