ஓட்டுநர் பள்ளிக்கு மேலே ஒரு ஜன்னல்

சங்கத்தில் எல்லோரும் அவளைப் பம்பரம் என்றே கூப்பிடுவார்கள். பகலில் தையல் கடை வேலை. சாயங்காலங்களில், வெளிநாட்டிலிருந்து வந்து சிக்கலில் மாட்டிக்கொண்ட தொழிலாளர்களுக்காகச் சங்கம் வைத்திருந்த தொலைபேசியைக் கவனித்துக்கொள்வாள். போனைக் காதில் வைத்தபடி அறையை அளந்துகொண்டே இருப்பாள். "தரை தேஞ்சிடும் போலிருக்கே" என்று சிரிப்பார் செயலாளரம்மா.

அவளும் ஒரு காலத்தில் இந்த ஊருக்கு வீட்டு வேலைக்கு வந்தவள்தான். வெளியே பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போகிற முதலாளியம்மாவிடமிருந்து சங்கத்துக்காரர்கள்தான் அவளை மீட்டார்கள். அதிலிருந்து பூட்டிய கதவு என்றாலே அவளுக்கு ஆகாது. குளியலறையைக்கூடத் தாழிடமாட்டாள், உள்ளே இருப்பது தெரியட்டும் என்று உரக்கப் பாடுவாள். அந்தப் பாட்டுக்குப் பயந்தே யாரும் கிட்டே வருவதில்லை என்பார் கணவர்.

ஒரு நாள் ஒரு பெண் கிசுகிசுப்பாகப் பேசினாள்.

"அக்கா, என்னை வெளியவே விடமாட்டேங்கறாங்க. இது அலமாரியில கிடந்த பழைய போன்."

"எந்தத் தெரும்மா?"

"தெரியாதுக்கா. சமையக்கட்டு ஜன்னல்ல பாத்தா கீழ ஒரு மைதானம். ஒரு கார் நாள் முழுக்கப் பின்பக்கமாவே போகுது."

அதோடு போன் அணைந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

"முகவரி இல்லாம போலீஸ் வராது" என்றார் செயலாளரம்மா. பம்பரத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. பின்பக்கமாகவே போகிற கார் என்றால் வண்டி ஓட்டப் பழகுகிற இடமாகத்தான் இருக்க வேண்டும். மறுநாள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

"எத்தனை ஜன்னலைத்தான் பாப்பே?" என்றார் கணவர்.

"கிடைக்கிற வரைக்கும்."

ஓட்டுநர் பள்ளி ஒவ்வொன்றாக அலைந்து, கடைசியில் ரயில் பாதையோரம் அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு மைதானத்தைக் கண்டாள். கம்பங்களுக்கிடையே ஒரு சிவப்புக் கார் பின்பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தது. கத்திக் கூப்பிட்டால் காரியம் கெட்டுவிடும். பையிலிருந்த மஞ்சள் லைனிங் துணியை உதறி மேலே ஆட்டினாள். தன்னைத்தான் நிறுத்தச் சொல்கிறாள் என்று நினைத்து, பழகிக்கொண்டிருந்தவர் பிரேக்கை மிதித்தார். பயிற்சியாளர் வாய்க்கு வந்தபடி திட்டினார். அவள் காதில் எதுவும் விழவில்லை. உயரத்தில், ஒரு ஜன்னல் கம்பிக்கு வெளியே, ஒரு கை கரித்துணியை ஆட்டிக்கொண்டிருந்தது.

செயலாளரம்மா ஒரு போலீஸ் அதிகாரியோடு வந்து சேர்வதற்குள் பம்பரம் அந்தக் கட்டடத்தை எத்தனை முறை சுற்றினாளோ! கதவைத் திறந்த வீட்டுக்காரம்மா சிரித்த முகமாக இருந்தாள்.

"எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி வச்சிருக்கோம். நீங்களே கேட்டுக்குங்க."

அந்தப் பெண் தலை நிமிராமல் வந்து நின்றாள். "எனக்கு ஒரு குறையும் இல்லைங்க."

அதிகாரி போகத் திரும்பிவிட்டார்.  அந்தக் காலத்தில் மீட்க வந்த சங்கத்துக்காரர்கள் முதலில் கேட்டபோது பம்பரமும் இதையேதான் சொன்னாள்.

"சரிம்மா," என்றாள் பம்பரம். "கீழ வரைக்கும் வந்து எங்களை அனுப்பிட்டுப் போ. செருப்பைப் போட்டுக்கோ."

அந்தப் பெண் வாசல் ஓரத்துச் செருப்பு அடுக்கைப் பார்த்தாள். வீட்டுக்காரம்மாவைப் பார்த்தாள்.

"எனக்குச் செருப்பு இல்லைங்க. வந்த அன்னைக்கே எடுத்து வச்சிட்டாங்க."

அதிகாரியும் அந்த அடுக்கைப் பார்த்தார். "போக விருப்பமா?" என்று கேட்டார். அவள் வெறுங்காலோடு வாசற்படியைத் தாண்டிவிட்டாள்.

பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை சங்கத்து விடுதியில் இருந்தாள். இங்கேயே இருந்து வழக்கை நடத்து என்று பம்பரம் மன்றாடிப் பார்த்தாள். "எனக்கு அம்மாவைப் பாக்கணும்க்கா" என்றாள் அவள். வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினாள். செயலாளரம்மாதான் இன்னும் நீதிமன்றப் படியேறிக்கொண்டிருக்கிறார்.

சில மாதங்கள் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, வேற நாட்டுல வேலை கிடைச்சிருக்கு. வீட்டு வேலைதான்."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"இங்க உக்காந்து என்னக்கா பண்றது?"

பம்பரம் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். பிறகு, அந்த நாட்டில் இதுபோல் ஏதாவது சங்கம் உண்டா என்று செயலாளரம்மாவிடம் கேட்டுத் தொலைபேசி எண்ணை வாங்கி அவளுக்குச் சொன்னாள்.

"எழுதி வைக்காதே, பிடுங்கிடுவாங்க. மனப்பாடம் பண்ணு. சொல்லு பாக்கலாம்."

அவள் சொன்னாள். நடுவில் ஓர் எண் தப்பியது.

"மறுபடி சொல்லு" என்றாள் பம்பரம், நடந்தபடியே.