மேடையை விட்டு இறங்கியவர்கள்

இது கற்பனை இல்லை. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் உங்கள் இஷ்டம். பத்தொன்பது வருடமாக எடை மேடையில் வேலை பார்க்கிறேன். வண்டி ஏறும், எண் வரும், சீட்டு அடித்துக் கொடுப்பேன். ஒரு கிலோ கூட்டிச் சொல்லவும் தெரியாது, குறைத்துச் சொல்லவும் தெரியாது. இதில் வரும் எண்கள் எல்லாம் என் கண்ணால் பார்த்தவை.

பேய் என்றால் நடுராத்திரிதான் வரும் என்பார்கள். எங்களுக்கு அது சாயங்காலம் நடந்தது. சரியாக 5:12க்கு.

போன வருடம் மலைமேல் இருந்த வேலையிலிருந்து கீழே சமவெளிக்கு எனக்கு மாற்றல் வந்தது. வீட்டைக் காலி செய்தோம். என்னிடம் ஒரு சின்ன பிக்கப் இருக்கிறது. அதன் பின்னால் மாட்டி இழுக்க ஒரு மூடிய ட்ரெய்லரை வாடகைக்கு எடுத்தேன். தகரப் பெட்டி மாதிரி இருக்கும். ஜன்னல் கிடையாது. பின்பக்கம் ஒரு கதவு. தாழ்ப்பாள் வெளியே மட்டும்தான்.

என் பிக்கப் ஆயிரம் கிலோ வரை இழுக்கும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஆயிரம் கிலோ சாமான் ஏற்றலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அட அறிவாளிகளே, ட்ரெய்லரின் சொந்த எடையும் அந்த ஆயிரத்துக்குள்தான் வரும்! நான் விடுவேனா? ட்ரெய்லர் 380. சாமான்களை ஒவ்வொன்றாக எடை போட்டேன், 540. ஆக மொத்தம் 920. தராசும் கையுமாக நான் வீட்டுக்குள் அலைந்ததைப் பார்த்து என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் எடையும் எனக்குத் தெரியும். ஆனால் அதை இங்கே எழுதினால் பேயைவிடப் பயங்கரமான சம்பவம் வீட்டில் நடக்கும்.

உதவிக்கு அவள் தம்பி வந்திருந்தான். ஒல்லிப் பயல், எங்கள் வீட்டில் அவன் பெயரே கம்பி. 52 கிலோ. சமவெளியில் அவனுக்குப் புது வேலை கிடைத்திருந்தது, மறுநாள் காலையில் சேர வேண்டும். பிக்கப்பின் முன்னால் எங்கள் இரண்டு பேருக்குத்தான் சீட். பின்தொட்டி முழுக்க மெத்தையும் பாத்திரமும்.

“நான் ட்ரெய்லர்ல வரேன் மாமா. அதான் சோபா இருக்கே, ராஜா மாதிரி உக்காந்து வருவேன்.”

“அவன் என்ன மூட்டையா? பஸ்ல வரட்டும்,” என்றாள் மனைவி.

நான் மனதுக்குள் கூட்டினேன். 972. ஆயிரத்துக்குள்தானே!

“ஒண்ணும் ஆகாது. ஏறுடா,” என்றேன்.

என் கையால்தான் தாழ்ப்பாளைப் போட்டேன். எடை சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நினைத்த மடையன் நான்.

3:50க்குக் கிளம்பினோம். 4:25க்குப் பனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு மேல் ரோடு தெரியவில்லை. ஹெட்லைட்டைப் போட்டு ஊர்ந்துகொண்டிருந்தேன்.

4:41. பின்னாலிருந்து ஒரு சத்தம். தட்... தட்... தட்... யாரோ தகரத்தின் மேல் நடக்கிற மாதிரி.

அடுத்த நொடி பிக்கப்பின் முன்பக்கம் தூக்கியது. ரோட்டில் விழுந்துகொண்டிருந்த வெளிச்சம் எழும்பி மரக்கிளையில் போய் நின்றது.

இது எப்போது நடக்கும் என்று எனக்குத் தெரியும். ட்ரெய்லருக்குள் பாரம் முன்பக்கமாக நகர்ந்தால் அது கொக்கியை அழுத்தும். பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் எழும்பும். ஆனால் சாமானை எல்லாம் நான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தேன். கம்பி ஒருத்தன் நகர்ந்து இவ்வளவு தூக்காது.

மனைவி அவனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள்.

“டேய், உள்ள எழுந்து நடக்கிறியா?”

“இல்லக்கா. சோபாலதான் இருக்கேன்.”

பிறகு ரகசியம் பேசுகிற குரலில்...

“அக்கா... இங்க இடம் பத்தல.”

போன் கட்டாகிவிட்டது. மறுபடி போட்டாள். கிடைக்கவில்லை.

“என்னங்க, நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க!”

எங்கே நிறுத்துவது? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், பின்னால் வருகிற வண்டிக்கு எங்களைத் தெரியாது. கொஞ்ச தூரத்தில் ஒரு சிமெண்ட் கிடங்கு இருக்கிறது. அங்கே சின்ன வண்டிகளுக்கான எடை மேடை உண்டு. அங்கிருக்கும் ஆப்பரேட்டர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர். அங்கே போய்விட்டால் போதும் என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். இறக்கம்தான், ஆனாலும் வண்டி மேடு ஏறுகிற மாதிரி முனகியது. மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள்.

5:03க்குக் கிடங்குக்குள் நுழைந்து, நேராக மேடை மேல் ஏற்றி நிறுத்தினேன். ஓடிப் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

கம்பி உயிரோடுதான் இருந்தான். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

அது மூன்று பேர் உட்காரும் சோபா. அவன் அதன் ஒரு மூலையில், முழங்காலை ஒட்டிக்கொண்டு, கைப்பிடியோடு கைப்பிடியாக நசுங்கி உட்கார்ந்திருந்தான். மிச்ச இடம் முழுக்கக் காலி.

“ஏண்டா இப்படி ஒடுங்கி உக்காந்திருக்க?”

“தெரியல மாமா. கால் மரத்துப் போச்சு.”

முகம் வெளிறியிருந்தது. மெல்ல நகர்ந்து வந்து ட்ரெய்லரின் வாசலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தான். மனைவி மேடைக்கு வெளியே, சுவர் ஓரமாகத் தண்ணீர் பாட்டிலோடு நின்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எடை போட்டேன். சிரிக்காதீர்கள். பயம் வந்தால் எனக்கு எண்ணைப் பார்த்தால்தான் மனசு ஆறும். ட்ரெய்லருக்கு முட்டுக் கொடுத்து, கொக்கியைக் கழற்றி, பிக்கப்பை மட்டும் மேடையை விட்டு நகர்த்தி நிறுத்தினேன். பிறகு ஆப்பரேட்டரின் அறைக்குப் போனேன்.

“என்னத்தப்பா ஏத்தியிருக்க? ஆயிரத்து இருநூத்தி அறுபது காட்டுது,” என்றார்.

“972தான் வரணும். மேடை சரியா இருக்கா?”

“காலைலதான் சோதிச்சோம். ரெண்டு கிலோகூட மாறாது.”

இருநூற்று எண்பத்தெட்டு கிலோ அதிகம்.

5:12. வெளியே மனைவி கூப்பிட்டாள். “வாடா, வந்து தண்ணி குடி.”

கம்பி கீழே குதித்தான். எண் மாறவில்லை, மாறாது. ட்ரெய்லரிலிருந்து இறங்கினாலும் மேடை மேல்தானே நிற்கிறான்? மேடையை விட்டு விலகினால்தான் எடை குறையும். நடந்தான். விலகினான்.

1,208.

சரி. அவனுடைய 52 போய்விட்டது. ஆள் யாரும் இல்லை. சாமானோடு ட்ரெய்லர் மட்டும்தான்.

அப்போது மேடையின் இரும்புத் தகடு... டங்.

1,140.

எட்டிப் பார்த்தேன். மேடையில் யாரும் இல்லை.

டங்.

1,066.

டங்.

996.

டங்...

920.

அதற்கப்புறம் எண் அசையவில்லை. 920. நான் வீட்டில் கூட்டிய அதே 920.

ஆப்பரேட்டர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

68. 74. 70. 76. பத்தொன்பது வருடம் இந்த வேலை பார்க்கிறேன். டிரைவர் இறங்கினால், கிளீனர் இறங்கினால், எண் எவ்வளவு குறையும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதெல்லாம் ஆள் எடை.

கம்பி விலகிய அதே பக்கத்தில்தான் தகடு அதிர்ந்தது. ஒவ்வொரு ‘டங்’குக்கும் அவன் தண்ணீரைக் குடித்தபடியே அரை அடி தள்ளி நின்றான். வழி விடுகிற மாதிரி. நான்கு தடவை.

“ட்ரெய்லர் இங்கயே கெடக்கட்டும். நீங்க கெளம்புங்க,” என்றார் ஆப்பரேட்டர்.

5:31. ட்ரெய்லரை விட்டுவிட்டுக் கிளம்பினோம். கம்பியை எங்கள் நடுவில் இடுக்கி உட்கார வைத்தோம். மனைவி அவன் கையை விடவே இல்லை.

கேட்டைத் தாண்டினேன்.

கொக்கியில் ஒன்றும் இல்லை.

பின்தொட்டியில் மெத்தையும் பாத்திரமும்தான்.

ஹெட்லைட் வெளிச்சம்... மரக்கிளை மேல் போய் விழுந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.



பத்து நாள் கழித்து ட்ரெய்லர்காரரைப் பிடித்து உலுக்கினேன். முதலில் ஒன்றும் தெரியாது என்றார். கிடங்கில் அடித்த எடைச் சீட்டை நீட்டியதும் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு முந்தி அதை எடுத்தவர் ஒரு காண்ட்ராக்டர். நான்கு வேலையாட்களை உள்ளே உட்கார வைத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். ஒரு வளைவில் கொக்கி கழன்று ட்ரெய்லர் மட்டும் பள்ளத்தில் இறங்கிவிட்டது. கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனதாம். கதவு உடையவில்லை. உள்பக்கம் முழுக்க நகக்கீறல். அதன் மேல்தான் பெயிண்ட் அடித்து எனக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறார்.

“எடை அளவுக்குள்ளதான் சார் இருந்துச்சு,” என்றார் பாவி மனுஷன்.

அவர் சட்டையைப் பிடிக்கப் போன என் கை அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கு நானும் அதைத்தானே நினைத்தேன்?

இதைக் கம்பியிடம் நான் சொல்லவில்லை. போன வாரம் அவன் வீட்டுக்கு வந்திருந்தான். இன்னும் இளைத்திருந்தான். சாப்பாடு சரியில்லையா என்று அக்கா கேட்டாள். ஆபீஸ் ஒன்பதாவது மாடியில் இருக்கிறது, தினமும் படியேறுவதால்தான் என்றான்.

“லிஃப்ட் இல்லையாடா?” என்றேன்.

“இருக்கு மாமா. நாலு பேர் போற சின்ன லிஃப்ட், 272 கிலோன்னு போட்டிருக்கு. மத்தவங்க ஏறினா ஒழுங்கா போகுது. நான் தனியா ஏறினா மட்டும் கதவு மூடாம ஓவர்லோடுன்னு கத்துது. ரிப்பேர்காரங்க மூணு தடவை வந்து பாத்துட்டாங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிக்க வரவில்லை. பழக்க தோஷம், மனதுக்குள் கூட்டிவிட்டேன்.

அவன் 52. அவர்கள் 288.