செல்வராணி எழுதாத மழை

செவ்வாய்க்கிழமை காலை பண்டாரவளையில் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. பதுளை பஜாரில் புடவைக் கடை வைத்திருக்கும் ஹனீபா நானா பேசினார். வழக்கமாக என் சுகத்தை விசாரித்து, என் மனைவியின் முழங்கால் வலியை விசாரித்து, பிறகுதான் விஷயத்துக்கு வருவார். அன்று ஒன்றையும் கேட்கவில்லை. “ஐயா, நம்மட செல்வராணி டீச்சர் மௌத்தாப் போயிட்டாங்க. இப்பத்தான், ஆஸ்பத்திரியில” என்றார். நான் “ஓம், ஓம்” என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. பிறகு நானே திரும்ப எடுத்துக் கேட்டேன்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஹனீபா நானாவின் கடை மேல்மாடியில் நான்கு பழைய கணினிகளை வைத்துக்கொண்டு வகுப்பு நடத்தியவர். பதுளைக் கந்தோர்களில் இன்று விசைப்பலகை தட்டும் பிள்ளைகள் பலர் அவரிடம் படித்தவர்கள்தான். பிழை வந்தால் கணினியைத் திட்டும் பிள்ளைகளிடம், “அது மேல கோவிக்காத. நீ என்ன சொல்லிக் குடுத்தியோ அதத்தான் அது திருப்பிச் சொல்லுது” என்பாராம். மார்பில் வந்த புற்றுநோய் இரண்டு வருஷம் அவரைப் படாத பாடு படுத்தியது. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

சுடலையில் எனக்குப் பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்: “பாவம், நல்ல கெட்டிக்காரி. கம்பஸ்ல பொய்க் கணக்கு எழுதி மாட்டிக்காம இருந்திருந்தா இன்னைக்கு லெக்சரரா இருந்திருப்பா.” மற்றவர் “ஆமாங்க, அவசரப்பட்டுட்டா” என்று தலையாட்டினார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உடல் எரிகிற இடத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை. சீ, என்ன மனிதன் நான்! இந்தப் பேச்சு பத்து வருஷமாக ஊரில் உலவுகிறது. அந்தப் பொய்க் கணக்கை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியும். சொல்கிறேன். கேட்ட பிறகு என்னோடு பேசுவதும் பேசாமல் விடுவதும் உங்கள் விருப்பம்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து இருபத்தைந்து வயதில் வந்து, பசறைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராகச் சேர்ந்தவன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். என் வேலைகளில் ஒன்று மழை அளப்பது. காலையில் பெரட்டுக்கு ஆட்கள் கூடி வேலைக்குப் பிரிந்த பிறகு, தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் மழைமானிக்குப் போய், சேர்ந்த தண்ணீரை அளந்து மழைப் புத்தகத்தில் எழுத வேண்டும். இருநூறு யார் தூரம் நடை. அட்டை கடிக்கும், குளிர் வேறு. நானோ குவாட்டர்ஸில் கட்டிலில் படுத்தபடி, தகரத்தில் விழும் சத்தத்தைக் கேட்டு, “இது அரை அங்குலம், இது முக்கால்” என்று மதிப்புப் போட்டு எழுதுவேன். அதுவும் கந்தோர் திறக்கிற நாட்களில் மட்டும். கேட்க ஆளில்லாத வேலை அது. மற்றத் தோட்டங்களிலும் இப்படித்தான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நவம்பர். பத்து நாள் விடாத அடைமழை. ஒரு காலை, ஆட்கள் பெரட்டில் நின்ற நேரத்தில், தொழிலாளர் குடியிருந்த மேட்டு லயத்துக்குப் பின்னால் மலை சரிந்தது. இரண்டு குடும்பங்களின் காம்பிரா அறைகள் மண்ணுக்குள் போயின. மூன்று பேர் செத்தார்கள். அதில் ஒருவன் காய்ச்சலென்று பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்த சிவகுமார், செல்வராணியின் தம்பி. அவர்களுடைய தாய் மாரியாயி கொழுந்துக் கூடையோடு ஓடிவந்து கைகளால் மண்ணைக் கிளறியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கந்தோருக்கு வந்தேன். தோட்டத்தை நடத்திய துரை, “விசாரணைக்கு வருகிறார்கள், எல்லாப் புத்தகங்களும் சரியாக இருக்க வேண்டும்” என்றார். மழைப் புத்தகத்தில் அந்த மாதம் மதிப்புப் போட்டுக்கூட எழுதவில்லை, முழுக்க வெறுமை. போன வருஷத்து நவம்பரைப் பார்த்து, அங்கங்கே ஓர் எண்ணை மாற்றி, அப்படியே எழுதிவைத்தேன். விசாரணைக்கு வந்தவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அப்போது செல்வராணி கொழும்பில் பட்டப்படிப்பில் இருந்தார். அந்தத் தோட்டத்து லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை அவர்தான். பட்டம் முடிந்து, கொழும்பிலேயே ஓர் அரச பல்கலைக்கழகத்தில் கணினித்துறையில் முதுமாணிப் பட்டத்துக்குச் சேர்ந்தார். எந்த மலை எத்தனை நாள் மழைக்குப் பிறகு சரியும் என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு கணினி நிரலை எழுதுவதுதான் ஆய்வு. அதற்கு ஊவாத் தோட்டங்களின் பழைய மழைக் கணக்குகள் வேண்டியிருந்தன. எங்கள் கந்தோருக்கும் வந்தார். இப்போது ‘அவர்’ என்று மரியாதையாக எழுதுகிறேன். அன்று, “என்ன பிள்ளை, உனக்கேன் உந்தப் புத்தகம்?” என்றுதான் கேட்டேன். லயத்துப் பிள்ளைக்குக் கந்தோரில் கதிரை கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. முதுமாணி மாணவி மூன்று நாள் வெளி வாங்கில் குந்தியிருந்து, மடியில் கொப்பியை வைத்து, பத்து வருஷத்து எண்களைக் கையால் பிரதி எடுத்தார். போகும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஐயா, உங்க மழ ஞாயித்துக்கெழமை மட்டும் லீவு எடுத்துக்குதுங்களே!”

நானும் சிரித்து வைத்தேன். அவர் போனதும் புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஆய்வுகூடத்தில் பத்துப் பேருக்கு ஒரு கணினி. அவர் முறை வரும்போது மின்சாரம் போய்விடும். எண்கள் இருந்த டிஸ்குகளில் பதுளைக் குளிருக்குப் பூஞ்சணம் பிடிக்கும் என்று, அவற்றை அரிசி போட்ட டின்னில் வைத்துக் கொண்டுபோவார். ஒருமுறை கொழும்பில் சோதனைச் சாவடியில் அந்த டின்னைத் திறந்து, இதற்குள் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். “மழை” என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். நக்கல் பண்ணுகிறாள் என்று நினைத்துப் பின்னேரம் வரை பொலிசில் இருத்திவிட்டார்கள். இதை ஹனீபா நானாவிடம் ஒரு பகிடியாகச் சொன்னாராம். கேட்ட நானாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி வந்தார். மெலிந்திருந்தார். மற்றத் தோட்டங்களில் நடந்த சரிவுகளை நிரல் சரியாகச் சொல்கிறதாம். எங்கள் தோட்டத்துச் சரிவை மட்டும் சொல்லவில்லையாம். தன் நிரலில்தான் பிழை என்று இரண்டு வருஷமாக அதைப் பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறார். “அந்த நவம்பர்ல உங்க புத்தகத்துல தூறல் கணக்காத்தான் இருக்குங்க. மல சரியிறதுக்கு ரெண்டு நாள் முந்தி வரைக்கும் லீவுல நான் வீட்டுலதான் இருந்தேன். கண்ணு தெரியாத மழைங்க, ஐயா. நெசமாவே அளந்தீங்களா?” என்று கேட்டார். “அளந்ததைத்தான் எழுதினது பிள்ளை. உன்ரை மெசின்தான் பிழை” என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள்! அவருடைய ஆய்வு மேற்பார்வையாளர், “அந்த ஒரு தோட்டத்தை விட்டுவிடு, பட்டம் கையில்” என்று சொல்லியிருக்கிறார். இவர் சம்மதிக்கவில்லை. “அத விட்டுட்டு எனக்கு எதுக்குங்க ஐயா பட்டம்? அங்கதானே எந்தம்பி செத்தான்” என்றார்.

ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு பரீட்சகர் ஒருவர் இரண்டு நவம்பர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டார். நாலைந்து எண்களைத் தவிர எல்லாம் ஒன்று. இல்லாத கணக்கை நீயே இட்டு நிரப்பியிருக்கிறாய் என்று நேருக்கு நேர் சொல்லியிருக்கிறார். செல்வராணியிடம் இருந்தது தன் கையெழுத்துப் பிரதி மட்டும். மூலப் புத்தகத்தைக் கொண்டுவர ஒரு மாதத் தவணை கொடுத்தார்கள். பஸ் பிடித்து நேரே என்னிடம் வந்தார். இந்தத் தடவை வாங்கில் உட்காரவில்லை, என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். “ஐயா, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். புத்தகத்த மட்டும் குடுங்க. காட்டிட்டுத் திருப்பிக் கொண்டாந்து குடுத்துர்றேன். எம்மேல பொய்ப் பழி போட்டிருக்காங்க.”

தோட்டம் புதுக் கம்பனிக்குக் கைமாறியிருந்த காலம் அது. பழைய கிளாக்கர்மாரை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சண்டை நடக்கிற யாழ்ப்பாணத்துக்கு இரண்டு பெண்பிள்ளைகளோடு நான் எங்கே போவேன்? மூன்று பேர் செத்த மாதத்துக் கணக்கைப் பொய்யாக எழுதினேன் என்று தெரிந்தால் வேலை மட்டுமா போகும்? இதெல்லாம் உண்மைதான். ஆனாலும் இதைக் காரணம் என்று உங்கள் முன் வைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. “பழைய புத்தகமெல்லாம் கறையான் திண்டிட்டுது பிள்ளை” என்றேன். புத்தகம் எனக்குப் பின்னால் அலுமாரியில் இருந்தது. அவர் அலுமாரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “சரிங்க ஐயா” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பின்னேரமே புத்தகத்தைக் கொண்டுபோய்த் தேயிலைத் தொழிற்சாலை அடுப்பில் போட்டேன்.

பட்டம் கிடைக்கவில்லை. விரிவுரையாளர் வேலைக்குப் போட்ட விண்ணப்பமும் அதோடு முடிந்தது. கதை அவருக்கு முன்னால் பதுளைக்கு வந்துவிட்டது. பேசிவந்த ஒரு கல்யாணமும் நின்றது. மாரியாயி தோட்டத்தை விட்டு மகளோடு பதுளையில் ஓர் அறைக்குக் குடிபோனார். ஹனீபா நானா மேல்மாடியைக் கொடுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் ஓய்வுபெற்று, பண்டாரவளையில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிம்மதியானவன்போல இருந்தேன்.

போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்தேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று வாட்டு வாசலில் தோன்றியது. எலும்பும் தோலுமாகக் கிடந்தார். “வாங்க ஐயா, அந்தக் கதிரைய இழுத்துப் போட்டு ஒக்காருங்க” என்றார். உட்கார்ந்தேன். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் அழுதேன். அவர் என் கையைத் தொட்டார். “எனக்கு அன்னைக்கே தெரியும், ஐயா. நான் பொய் எழுதலன்னு ஒலகத்துல ஒங்க ஒருத்தருக்காவது தெரியுமே. அது போதுங்க” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே ஆறுதலுக்காக அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஒருவன் வாயை மூடிக்கொண்டு தெரிந்துவைத்திருந்தது அவருக்கு ஆறுதலாம்!

எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்த ஒரு சொல். அது போதாது என்று எனக்குத் தெரியும். ஆகவே அவரை அறிந்த எல்லோருக்கும், அன்றைய பரீட்சகர்களில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: அந்த நவம்பர் மாதத்தை எழுதியவன் நான். செல்வராணி ஓர் எண்ணைக்கூடப் பொய்யாக எழுதவில்லை. அவருடைய நிரலிலும் பிழை இல்லை.

இதை எழுதுவதற்கு முன் மாரியாயியிடம் சொல்ல வேண்டும் என்று எட்டாம் நாள் போனேன். மகள் இருந்த அறையில் தரையில் உட்கார்ந்திருந்தார். நானும் தரையில் உட்கார்ந்து ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். கடைசிவரை கேட்டார். வைவார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன்.

“அப்ப, எம்மகன் மண்ணுக்குள்ள போனப்ப பேஞ்ச மழைய நீங்க எழுதவே இல்லீங்களா, ஐயா?”

“இல்லை” என்றேன்.

“எம்மக அம்புட்டு வருசமும் அந்த மழையத்தான் தேடிக்கிட்டு இருந்தாளா?”

“ஓம் அம்மா, அதைத்தான்” என்றேன்.